கட்டிய வீட்டில் குறை கண்டால்

சங்கங்களில் கடன் நிலுவைகளைப் பரிசீலிக்கும்போது, தவணை தவறியதற்கு அங்கத்தினர்கள் கூறும் காரணங்களை ஒருவாறு வகைப்படுத்திவிடலாம். கூலிக் குறைவு, நூல் விலையேற்றம், மழையின்மை, மருத்துவச் செலவு ஆகியவை நமக்குப் பழக்கமானவை. அண்மைக் காலத்தில் வேறொரு காரணமும் அடிக்கடி காதில் விழுகின்றது. “கட்டிய வீட்டையே மறுபடியும் கட்ட வேண்டியதாயிற்று” என்பதே அது. கடன் பெற்றுக் கட்டிய வீட்டின் கூரை முதல் ஐப்பசி மழைக்கே ஒழுகுகிறது. மறு ஆண்டில் சுவர் பிளக்கிறது. கட்டித் தந்த காண்டிராக்டரோ தொலைபேசியை எடுப்பதில்லை. அங்கத்தினர் கைமாற்று வாங்கிப் பழுது பார்க்கிறார். சங்கத்தின் தவணை அந்தக் கைமாற்றுக்குப் பின்னால் நின்றுவிடுகிறது.

காண்டிராக்டருடன் உள்ள வழக்கு, சங்கத்தின் கடனைத் தள்ளிப் போடுவதில்லை என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சங்கத்தின் மதிப்பீட்டாளர் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்த்துக் கையெழுத்திட்டாரே, அவர் பொறுப்பல்லவா என்று சிலர் வாதிடுவதுண்டு. அவர் பார்த்தது, கொடுக்கவிருக்கும் கடனுக்கு ஈடாகக் கட்டடம் எழும்பியிருக்கிறதா என்பதையே. சுவருக்குள் இட்ட சாந்தின் தரத்திற்கு அவர் ஜாமீன் நிற்பவரல்லர். தரத்தைக் கவனிக்க வேண்டியவர் வீட்டுக்காரரே. அது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மண்ணும் நீரும்

பல்லடம், சூலூர், உடுமலைப் பகுதிகளில் கரிசல் நிலம் உழுதவர்களுக்கு அம்மண்ணின் குணத்தைப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை. கோடையில் அது வெடிக்கும், மழையில் உப்பும். நிலத்தில் இதைக் கண்டவரே, அதே நிலத்தின் ஒரு மூலையில் வீடு கட்டும்போது மறந்துவிடுவதுதான் விந்தை. மண் உப்பிச் சுருங்கும் ஆழத்திற்குக் கீழே கடைக்கால் இறங்காவிட்டால், வீடு ஆண்டுதோறும் ஒரு முறை தூக்கி ஒரு முறை இறக்கப்படும். அதன் அடையாளம் கதவு, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல். இத்தகைய மண்ணுக்கென்றே அடி பருத்த குமிழ்த் தூண்களை ஆழத்தில் இறக்கும் முறையை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்துத் தந்து பல்லாண்டுகள் ஆகின்றன. செலவு சற்று அதிகம். ஆனால் செம்மண் மேட்டுக்குப் போட்ட அதே நாலடிக் கடைக்காலைக் கரிசலுக்கும் போட்டுவிட்டு, “மண் அப்படி, நான் என்ன செய்ய” என்று கூறும் காண்டிராக்டரின் சமாதானம் ஏற்கத்தக்கதன்று. மண் எப்படி என்று பார்த்துக் கட்டுவதற்குத்தான் அவருக்குக் கூலி.

நீரின் விஷயம் இதனினும் நுட்பமானது. திருப்பூர்ச் சாயக் கழிவினால் நொய்யல் கெட்டதும், ஒரத்துப்பாளையம் அணை உப்புக் குட்டையானதும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் இப்பகுதி விவசாயிகள் அறிந்தவையே. இந்த நீரால் தென்னை கருகியதைக் கண்டோம். அதே கிணற்று நீரைக் கான்கிரீட்டில் கலந்தால் உள்ளிருக்கும் கம்பியும் அரிக்கப்படும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்தியத் தர நிர்ணயத்தின் 456-ஆம் எண் விதி, கம்பியிட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படும் நீரில் குளோரைடு உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்கிறது. கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை பொறுக்கலாம். உப்பேறிய கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேலுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். குருகிராம் நகரில் சின்டெல்ஸ் பாரடைசோ என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் 2022 பிப்ரவரி 10 அன்று தளங்கள் சரிந்து இரு பெண்கள் மாண்டனர். அக்கட்டடத்தை ஆராய்ந்த தில்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள், கான்கிரீட்டில் குளோரைடு மிகுந்திருந்ததையும் அதனால் கம்பிகள் அரிக்கப்பட்டதையும் சுட்டிக்காட்டினர். ஆழ்துளைக் கிணற்று நீரை ஒரு சீசாவில் எடுத்துச் சோதனைக்குக் கொடுக்க ஆகும் செலவு, ஒரு மூட்டை சிமெண்டின் விலையோடு ஒப்பிடத்தக்க சிறு செலவேயாகும்.

மணலுக்குப் பதில் இன்று எம்-சாண்ட் வந்துவிட்டது. கழுவிச் சலித்த எம்-சாண்டில் குறையில்லை. அதன் பெயரால் வந்திறங்கும் கிரஷர் தூளில்தான் குறை. தூள் மிகுந்தால் சாந்து அதிக நீரைக் குடிக்கும், உலரும்போது வெடிக்கும். ஒரு பிடி எடுத்துக் கண்ணாடி டம்ளர் நீரில் கலக்கி வைத்தால், மேலே படியும் மாவின் கனத்தைப் பார்த்தே லோடை இறக்கலாமா திருப்பலாமா என்று முடிவு செய்யலாம். நீர் தெளிப்பதிலும் இதே அலட்சியம் உண்டு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கான்கிரீட்டைப் பத்து நாட்களுக்குக் குறையாமல் ஈரமாக வைக்க வேண்டும் என்பது மேற்சொன்ன விதி. மூன்றாம் நாளே சாக்கை உருவிவிடுகிறார்கள்.

மண்ணும் நீரும் சரியாயிருந்தும் பூச்சு கெட்டுப்போன கதை ஒன்று நாடறிந்தது. சென்னை புளியந்தோப்பில் கே.பி. பூங்கா திட்டத்தில் ஏழைகளுக்கென அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளின் சுவர்ப்பூச்சு, 2021 ஆகஸ்டில் விரல் பட்டாலே உதிர்ந்தது. செய்தி வெளிவந்ததும் சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்களைக் கொண்டு ஆய்வு நடத்தப்பட்டது. பொறியாளர் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அரசுப் பணியில் அத்தனை கண்காணிப்பு இருந்தும் நேர்ந்தது இது. தனி மனிதர் வீட்டில் கண்காணிக்க வேண்டியவர் பெரும்பாலும் தறியிலோ தோட்டத்திலோ இருக்கிறார்.

நெசவாளர் வீடுகளில் மட்டும் காணும் தகராறு ஒன்றுண்டு. தறிக்குழி எங்கே, எவ்வளவு ஆழம் என்பதைக் கடைக்கால் எடுக்குமுன் கூற வேண்டும். வீடு முடிந்தபின் சுவரை ஒட்டிக் குழி தோண்டி, அடிமானம் தளர்ந்து சுவர் வெடித்தால் காண்டிராக்டரைக் குறை கூற வழியில்லை. அவ்வாறே, மாடியில் மஞ்சள் மூட்டைகளை அடுக்கும் விவசாயிகளுக்கும் ஒரு சொல். குடியிருப்புத் தளங்கள் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமையைக் கருதியே கணக்கிடப்படுகின்றன. கிட்டங்கியாகப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் அதை முதலிலேயே எழுத்தில் கூறுக.

பணம் முந்தலாகாது

“வீட்டைக் கட்டிப் பார்” என்று பழமொழி சொன்னவர், வேலைக்கு முன்பே பணத்தைக் கொடுத்துக் கட்டியவராகத்தான் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 800 சதுர அடி வீட்டைச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் வீதம் 16 இலட்சத்திற்குப் பேசியதாகக் கொள்வோம். கூரை போட்ட அன்று வேலையின் மதிப்பு 8 இலட்சம். ஆனால் கடைக்கால் பூசைக்கு, கம்பி விலையேற்றத்திற்கு, ஆள் கூலிக்கு என்று 12 இலட்சம் கைமாறிவிட்டது. இனிக் காண்டிராக்டர் செய்ய வேண்டிய வேலை 8 இலட்சத்திற்கு, வர வேண்டிய பணமோ 4 இலட்சம்தான். மீதி வேலையை அவர் நன்றாகச் செய்தால் அவருக்கு நட்டம். மோசமாகச் செய்தால் நட்டம் குறையும். பாதியில் விட்டுவிட்டால் ஆதாயம்! மனிதர் நல்லவராயிருந்தும் கணக்கு அவரைக் கெட்டவராக்குகிறது. ஆகவே எந்த நாளிலும் கொடுத்த பணம், முடிந்த வேலையின் மதிப்பைத் தாண்டலாகாது.

இதற்கு மேல், மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்தேனும், அதாவது மேற்படிக் கணக்கில் 80,000 ரூபாயை, பிடித்து வைத்துக்கொண்டு ஓராண்டு கழித்துக் கொடுப்பதென உடன்படிக்கையில் எழுதிக்கொள்வது நன்று. ஆறு மாதம் போதாதா எனில், தையில் குடிபுகுந்தவர்க்கு ஆறு மாதம் ஆனியில் முடிந்துவிடும். ஆடிச் சாரல் கூரையைச் சோதிக்காது. நமக்குப் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான்.

கூலி மட்டும் பேசி, பொருளை வீட்டுக்காரரே வாங்கித் தரும் வழக்கமும் நம் பக்கத்தில் மிகுதி. செலவு குறையும் என்பது உண்மைதான். ஆயினும் தகராறு வந்தால், சிமெண்டு கெட்டது என்று கொத்தனாரும், வேலை கெட்டது என்று கடைக்காரரும் கூறி, குற்றம் நடுத்தெருவில் நின்றுவிடும். அம்முறையில் கட்டுவோர் ஒவ்வொரு லோடுக்கும் பில்லைப் பெற்றுத் தேதிவாரியாக வைத்திருத்தல் இன்றியமையாதது.

சாட்சியம்

குறை கண்டவுடன் பெரும்பாலோர் செய்வது, வேறொரு மேஸ்திரியை அழைத்துப் பூசி மறைப்பது. அது சாட்சியத்தைப் புதைப்பதாகும். விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டித் தேதியைப் பொறித்து வையுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது, குற்றம் அடிமானத்தில் உள்ளது எனக் கொள்ளலாம். மாதங்கள் சென்றும் உடையாவிட்டால் பெரும்பாலும் பூச்சு உலர்ந்ததால் வந்த மேல்விரிசலே. பின்னதற்காக வழக்காடுவது வீண். ஒழுகும் மாடியில் வடிகுழாயை அடைத்து, ஓரங்களில் சாந்து வரம்பு கட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் நீர் தேக்கி, கீழே கசியும் இடங்களைப் படமெடுக்க வேண்டும். சுவரைத் தட்டும்போது பொள்ளல் ஓசை கேட்கும் இடங்களையும் சுண்ணக்கட்டியால் வளைத்துக் குறியிடுக.

பின்பு, அந்த வேலையில் சம்பந்தப்படாத சிவில் இன்ஜினீயர் ஒருவரைக் கொண்டு, குறை யாது, காரணம் யாது, திருத்த ஆகும் செலவு எவ்வளவு என மூன்றையும் தனித்தனியே எழுதி வாங்க வேண்டும். “தரம் சரியில்லை” என்ற ஒரு வரி அறிக்கை எந்த மன்றத்திலும் எடுபடாது. அவ்வறிக்கையின் நகலுடன், இத்தனை நாட்களுக்குள் வந்து சரிசெய்து தருமாறு காண்டிராக்டருக்கு ஒப்புகையுடன் அஞ்சலில் எழுதுக. சரிசெய்ய அவருக்கு ஒரு வாய்ப்புத் தருவது நியாயம். பிற்பாடு மன்றமும் அதைக் கேட்கும். கடிதத்தில் வசவு வேண்டாம். உறவினரிலும் ஊர்க்காரரிலுமே காண்டிராக்டர் அமைவது நம்மிடையே வழக்கமாதலால், பாதித் தகராறுகள் இக்கட்டத்திலேயே பெரியவர்கள் முன்னிலையில் முடிந்துவிடுகின்றன. அவ்வாறு முடிந்தால் மிக நன்று. ஆனால் அங்கும் பேசியதை எழுதிக் கையொப்பம் வாங்குக.

எங்கே முறையிடுவது

வீடு கட்டித் தருதல் நுகர்வோர் சட்டத்தின்படி ஒரு சேவையாகும். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1993-ல் செய்த திருத்தம் வீட்டுக் கட்டுமானத்தைச் சேவையெனப் பெயர் சொல்லிச் சேர்த்தது. அதே ஆண்டு நவம்பரில் லக்னோ வளர்ச்சிக் கழக வழக்கில் உச்சநீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2020 ஜூலை முதல் அமலிலுள்ள 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படியே வைத்திருக்கிறது. கொடுத்த தொகை 50 இலட்சம் வரையெனில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். காண்டிராக்டர் எவ்வூரினராயினும், அங்கத்தினர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். நாம் கூறிய 16 இலட்ச ரூபாய் வீட்டுக்கு மனுக் கட்டணம் 400 ரூபாய்தான். வழக்கிற்குக் காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்தாக வேண்டும். “வருகிறேன், வருகிறேன்” என்று காண்டிராக்டர் காலங்கடத்துவது பல வேளைகளில் இக்கெடுவை எண்ணித்தான்.

தறி வைத்த வீடு வணிகக் கட்டடம், ஆகவே இது நுகர்வோர் வழக்காகாது என எதிர்த்தரப்பு கிளப்பக்கூடும். சுயதொழிலால் பிழைப்போர்க்குப் பழைய சட்டம் பொருள், சேவை இரண்டிலும் விலக்களித்திருந்தது. புதிய சட்டத்தின் விளக்கமோ பொருளை மட்டுமே குறிப்பிடுகிறது. ஆகவே உடன்படிக்கையில் ‘குடியிருப்பு வீடு’ என்ற சொல், உள்ளது உள்ளபடி இடம்பெறுவது நெசவாளர்க்கு அவசியம்.

மனையோடு சேர்த்து வீட்டையும் விற்கும் நிறுவனத்திடம் வாங்கியவர்க்கு 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கூடுதல் பாதுகாப்பைத் தருகிறது. குடிபுகுந்த ஐந்தாண்டுகளுக்குள் அமைப்பிலோ வேலைத்திறத்திலோ தெரிவிக்கப்படும் குறையை, நிறுவனம் முப்பது நாட்களுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும், தவறினால் இழப்பீடு. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ எட்டுக்கு மேற்படாத வீடுகளாகவோ அமையும் திட்டங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை. சொந்த மனையில் காண்டிராக்டரைக் கொண்டு கட்டுவோர்க்கு இச்சட்டம் பயன்படாது. அவர்களுக்கு நுகர்வோர் ஆணையமே வழி, அன்றேல் உரிமையியல் நீதிமன்றம்.

வீட்டைக் கட்டித் தந்தது கூட்டுறவுச் சங்கமேயானால் என்ன செய்வது? 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90-ஆம் பிரிவின்கீழ்ப் பதிவாளரிடமே போக வேண்டும் என்று நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. திருமுருகன் கூட்டுறவு வேளாண்மைக் கடன் சங்கத்தில் நெல் மூட்டைகளை ஈடு வைத்த அங்கத்தினர்கள் தொடுத்த வழக்கில், 90-ஆம் பிரிவு நுகர்வோர் மன்றத்தின் கதவை அடைப்பதில்லை என 2003 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எம் துறையினர் சிலர்க்கு இத்தீர்ப்பு உவப்பளிக்கவில்லை. என் வரையில், அங்கத்தினர்க்கு இரு வாயில்கள் இருப்பது சங்கங்களை விழிப்பாக வைக்கும் என்றே கருதுகிறேன்.

மனு ஏற்கப்பட்டபின் எதிர்த்தரப்பு 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மேலும் 15 நாட்கள் வரை ஆணையம் நீட்டிக்கலாம். அதற்கப்பால் இல்லையென 2020-ல் உச்சநீதிமன்ற அரசியற் சட்ட அமர்வு கூறியுள்ளது. அதன்பின் வழக்கறிஞர் கமிஷனரை இன்ஜினீயருடன் அனுப்பி வீட்டைப் பார்வையிடச் செய்யுமாறு அங்கத்தினர் கோரலாம். உத்தரவு பாதகமாயின் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்திற்கு மேல்முறையீடு உண்டு. தொகை செலுத்த உத்தரவிடப்பட்ட காண்டிராக்டர் மேல்முறையீடு செய்வதானால், அதில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும். மேல்முறையீடும் செய்யாமல், தொகையும் செலுத்தாமல் இருப்பவர்க்கு 72-ஆம் பிரிவின்படி ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் விதிக்க ஆணையத்திற்கு அதிகாரமுண்டு. இதற்கு உத்தரவின் நகலுடன் தனியே ஒரு மனுச் செய்ய வேண்டும். உத்தரவு கிடைத்ததே போதுமென்று பலர் அதைச் செய்யாமல் விட்டுவிடுகின்றனர்.