தொலைவிலிருந்து வந்தவள்

மாணவியர் கையில் படக்கதைப் புத்தகத்தைக் கண்டால் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். "பாடப் புத்தகம் எங்கே?" என்று கேட்கிறோம். இன்று அந்தக் கண்டிப்பைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, அத்தகைய கதை ஒன்றையே பாடமாக எடுத்துக் கொள்வோம்.

ஜப்பானியர் படக்கதையை 'மங்கா' என்பர். (நம் மாங்காய்க்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை!) அந்நாட்டில் பெண் பிள்ளைகளுக்கென்றே தனிப் படக்கதை இதழ்கள் உண்டு. அவற்றுள் ஒன்றாகிய 'லாலா'வில் கியோகோ ஹிகாவா என்னும் பெண்மணி 1991இல் தொடங்கி 2003இல் முடித்த கதை 'கனதா கரா'. 'தொலைவிலிருந்து' என்பது அதன் பொருள். நூலாக 14 தொகுதிகள். அறிவியல் புனைகதைக்கென ஜப்பானில் வழங்கப்படும் செயுன் விருதை 2004இல், படக்கதைப் பிரிவில் பெற்றது.

கதைத் தலைவி நோரிகோ நம் மாணவியரைப் போல் பள்ளியில் படிக்கும் பெண். ஒரு குண்டுவெடிப்பின் நடுவே சிக்கியவள், கண் விழிக்கும்போது வேறோர் உலகத்துக் காட்டில் கிடக்கிறாள். அங்கே பயங்கரப் பிராணிகளின் வாயில் விழாமல் அவளைக் காப்பாற்றுகிறான் இசார்க் என்னும் வீரன்.

இதுவரை பழகிய கதைதான். இனிமேல்தான் ஹிகாவாவின் தனித்தன்மை தெரிகிறது. வேற்றுலகக் கதைகளில் பெரும்பாலும், போய்ச் சேர்ந்தவர் மறுகணமே அவ்வூர்ப் பாஷையைச் சரளமாகப் பேசத் தொடங்கிவிடுவார். எப்படி என்று நாமும் கேட்பதில்லை. நோரிகோவுக்கோ ஒரு சொல்லும் புரியவில்லை. பசிக்கிறது, பயமாயிருக்கிறது என்று சொல்லக்கூட வழியில்லை. மந்திரம் எதுவும் உதவிக்கு வருவதில்லை. ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு, தவறாகச் சொல்லி, திருத்திக்கொண்டு கற்கிறாள். நாள்தோறும் நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறாள். தாய்மொழி அல்லாத ஒரு மொழியில் முதன்முதலாக வாய் திறந்த நாள் நினைவிருக்கிறவர்களுக்கு, அவள் கூச்சமும் பிடிவாதமும் நன்றாகவே விளங்கும்.

அவள் அறியாத வேறொன்றும் உண்டு. அந்த உலகில் குறி சொல்வோர், 'விழிப்பு' என்ற ஒன்று தோன்றப் போகிறது, அது 'வான் அரக்கனை' எழுப்பிவிடும் என்று முன்னரே அறிவித்திருக்கிறார்கள். விழிப்பைக் கைப்பற்றுகிறவனுக்கு அரக்கனின் பேராற்றலும் சேரும் என்பது அரசர்களின் கணக்கு. ஆகவே நாட்டுக்கு நாடு அதைத் தேடி ஆள் அனுப்புகிறார்கள். அந்த விழிப்புதான் நோரிகோ. அரக்கனாகப் போகிறவன் இசார்க். அவன் காட்டுக்கு வந்ததே விழிப்பை அழித்துவிடத்தான். வந்த இடத்தில் அவன் கண்டதோ நடுங்கும் ஒரு சிறுமியை. வாளை வீச அவனுக்குக் கை வரவில்லை.

இங்கே நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். முன்னறிவிப்பு பொய் என்று கதை சொல்லவில்லை. நோரிகோவால் இசார்க்குக்குள் ஏதோ ஒன்று விழிப்பது மெய்தான். ஆனால் விழிப்பது என்ன என்பதைக் குறி சொன்னவர்களும் முழுதாக அறியார். அவளை ஒருநாளும் பார்த்திராதவர்கள் அவளுக்கு ஒரு பெயரிட்டு, 'இவளால் கேடு வரும்' என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிறந்த நாழிகையைக் கொண்டு பெண்ணின் ராசியைத் தீர்மானிக்கும் வழக்கம் நம்மிடையேயும் இல்லாமல் இல்லை. பெற்றோர் இதைக் கவனிப்பார்களாக.

காதலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாணவியர் அதற்காகத்தான் புரட்டுவார்கள் என்பது நமக்குத் தெரியாதா? தன் உள்ளத்தை முதலில் வெளியிடுபவள் நோரிகோ. இசார்க் விலகுகிறான். அன்பு இல்லாமையால் அல்ல. அவளை ஏற்றால் தான் அரக்கனாகிவிடுவோம் என்ற அச்சத்தால். சினம் மிகும்போது அவன் உருவமே மாறத் தொடங்குகிறது. அதைக் கண்டும் அவள் ஓடவில்லை. அவள் வாள் பயின்றவளும் அல்லள், மந்திரம் அறிந்தவளும் அல்லள். அவனை அவன் பெயர் சொல்லி அழைக்கிறாள், அவ்வளவே. அவளோடு இருக்க இருக்க, அரக்கனுடையது என்று எல்லோரும் அஞ்சிய ஆற்றல் வேறு முகம் காட்டுகிறது.

குறை இல்லாமலில்லை. இடையிலுள்ள தொகுதிகளில் துரத்தலும் சண்டையும் நீண்டுகொண்டே போகின்றன. இரண்டு தொகுதிகளைக் குறைத்திருந்தால் நட்டமில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் இறுதித் தொகுதியைத் தவற விடக்கூடாது. நோரிகோ வீடு திரும்பவில்லை. அவள் எழுதி வந்த குறிப்பேடு மட்டும் உலகங்களைக் கடந்து ஜப்பானிலுள்ள பெற்றோரிடம் வந்து சேர்கிறது. மகளை இழந்துவிட்டோம் என்றிருந்தவர்கள் அதைத் திறந்து, அவள் கையெழுத்தை அடையாளம் கண்டு, முதல் பக்கத்திலிருந்து வாசிக்கிறார்கள்.