அவசரப்பட்டு ப்ளக்கைச் சொருகாதே

அன்பு மருமகள் தேன்மொழிக்கு,

மாமா எழுதுவது. அத்தைக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. காயலான் கடையிலிருந்து ஷட்டர் வைத்த டயனோரா டிவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாயாம். ஹாலில் கால் வைக்க இடமில்லை என்று உன் அம்மா போனில் அழாத குறை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான். பேட்டரி ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு, பூட்டும்போது மிஞ்சின ஸ்குரூவை அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குள் ஒளித்து வைத்த பிள்ளை நீ. வேறு எதை வாங்கி வருவாய்?

சந்தோஷம்தான் தாயி. ஆனால் அம்மா சொன்னதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. இன்னும் கரண்ட் கொடுத்துப் பார்க்கவில்லையாமே, அதுவே பெரிய விஷயம். ஆசை உன்னை அரிக்கும், தெரியும். வருஷக்கணக்காகச் சும்மா கிடந்த செட்டுக்கு எடுத்தவுடன் 230 வோல்ட்டைக் கொடுத்தால், பிழைக்க வேண்டியதும் செத்துப்போகும். உள்ளே கண்டென்சர்கள் காய்ந்து கிடக்கும். ஒன்று ஷார்ட் ஆனால் பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும்.

முதலில் உன் உயிருக்கு ஆபத்தானதைச் சொல்லிவிடுகிறேன். ப்ளக்கைப் பிடுங்கியாயிற்று, இனி பயமில்லை என்று நினைக்காதே. பிக்சர் டியூபே ஒரு கண்டென்சர். உள்பக்கம் ஒரு பூச்சு, வெளிப்பக்கம் கறுப்பு கிராஃபைட் பூச்சு, நடுவில் கண்ணாடி. கறுப்பு வெள்ளை செட்டிலேயே 10,000 வோல்ட்டுக்கு மேல் அங்கே ஏறும். கலர் செட் என்றால் 25,000-ஐயும் தொடும். அணைத்த பிறகும் அது உள்ளேயே உட்கார்ந்திருக்கும். நீளமான ஸ்க்ரூ ட்ரைவர் ஒன்றை எடுத்து, அதன் கம்பியில் ஒரு வயரை மாட்டி, வயரின் மறுமுனையை முதலில் டியூபைச் சுற்றிப் போகிற எர்த் பின்னலில் கவ்வ விடு. அப்புறம் டியூபின் பக்கவாட்டில் தடித்த வயர் வந்து சேருகிற ரப்பர் தொப்பிக்கு அடியில் நுனியை நுழை. ‘டப்’ என்று ஒரு பொறி வரும், வராமலும் இருக்கும். சில நிமிஷம் கழித்து இன்னொரு தடவை செய். கண்ணாடிக்குள் ஒட்டியிருந்தது மெல்லத் திரும்பி வரும். ஒரு கை வேலை செய்யும்போது இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். காலில் ரப்பர் செருப்பு கட்டாயம். நம்ம டிவி ரிப்பேர் கடையில் வேலை பழக வந்த பையன்களுக்கு நான் சால்டரிங் அயர்னைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் இந்தப் பின்கைப் பழக்கத்தைத்தான் கொடுத்தேன்.

சேசிஸையும் நம்பாதே. அந்தக் காலத்து செட் பலவற்றில் மெயின் கரண்ட் நேராகச் சேசிஸுக்கே போகும். இரண்டு பின் ப்ளக்கைத் திருப்பிச் சொருகினால் இரும்புத் தகடு முழுக்க ஃபேஸ். ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கிக்கொள். காசு நான் தருகிறேன், அம்மாவிடம் கேட்காதே.

டியூபின் கழுத்தைப் பிடித்துத் தூக்கவே கூடாது. உள்ளே வெற்றிடம். கழுத்து உடைந்தால் காற்று உள்ளே போய்விடும், அதோடு டியூப் முடிந்தது. இப்போது புதிதாகச் செய்து தர ஆளில்லை. ஒருகாலத்தில் பெங்களூரில் பி.இ.எல். கம்பெனியே பிக்சர் டியூப் செய்தது. இன்று உன் கையில் இருப்பதுதான் உனக்கு.

பின்மூடியைக் கழற்றினதும் வெறுமனே பார். உள்ளே வால்வு இருக்கிறதா, முழுக்க ட்ரான்சிஸ்டரா என்று தெரிந்துகொள். பி.எல். 504 மாதிரி ‘பி’யில் தொடங்கும் வால்வுகள் இருந்தால், அவற்றின் ஹீட்டர் எல்லாம் ஒரே வரிசையில் 300 மில்லி ஆம்பியரில் ஓடும். ஒன்று போனால் அத்தனையும் அணையும். பதறாமல் ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டரில் பார்.

தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தள்ளு. டியூபின் கறுப்புப் பூச்சைத் தேய்த்துச் ‘சுத்தம்’ பண்ணிவிடாதே, அது அழுக்கு இல்லை, நான் சொன்ன கண்டென்சரின் ஒரு பக்கம். நம்ம தூத்துக்குடி உப்புக் காற்றில் அந்த ரப்பர் தொப்பிக்கு அடியில் பச்சை பூத்துவிடும். மழைக்காலத்தில் அங்கிருந்து ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தமும் ஒரு மாதிரி வாடையும் வரும். ஸ்பிரிட் தொட்ட துணியால் வட்டமாகத் துடைத்துக் காயவிட்டால் பாதி செட் அதிலேயே சரியாகியிருக்கிறது.

அப்புறம் லென்ஸ் வைத்து, டியூபுக்கு உயர் வோல்ட்டைத் தருகிற ஈ.எச்.டி. ட்ரான்ஸ்ஃபார்மரின் கால்களைப் பார். ஈயத்தில் காலைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு வளையம் தெரியும். அதுதான் ட்ரை சால்டர். சூடாகி, ஆறி, சூடாகி, ஈயம் விட்டுப்போயிருக்கும். தீக்குச்சியால் தள்ளினால் கால் ஆடும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவை. பழையதன் மேலேயே அப்பாதே.

இன்னொன்று. செட்டைத் திறந்ததும் எல்லாக் கண்டென்சரையும் ஒரேயடியாக மாற்றுகிற மோஸ்தர் ஒன்று இப்போது இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. உப்பியது, கசிந்தது, சூடாகிற பாகத்துக்குப் பக்கத்தில் இருப்பது, இவற்றை முதலில் எடு. ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், அடுத்ததுக்குப் போ. மொத்தமாக மாற்றிவிட்டு செட் ஓடவில்லை என்றால் பழைய கோளாறா, நீ வைத்த கோளாறா என்று யார் சொல்வது? மாற்றினதை எல்லாம் ஒரு நோட்டில் எழுது. எந்த இடம், என்ன மதிப்பு, கழற்றினபோது மீட்டர் என்ன காட்டியது. கழற்றிய ஸ்குரூவைக் கிண்ணத்தில் போட்டுச் சீட்டு எழுது. கடுகுக்குள் வேண்டாம்.

கரண்ட் கொடுக்கிற நாளில் சீரிஸ் போர்டு வழியாகக் கொடு. கரண்ட் ஒரு பல்பைத் தாண்டிச் செட்டுக்குப் போகிற போர்டு அது. 100 வாட் குண்டு பல்பு போடு, எல்.இ.டி. உதவாது. பல்பு சட்டென்று எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே பிடுங்கு, உள்ளே ஷார்ட். திரையில் நடுவே குறுக்காக ஒரே ஒரு வெள்ளைக் கோடு வந்தால் வெர்டிகல் பகுதி வேலை செய்யவில்லை. பிரைட்னஸைக் குறைத்துவிடு, இல்லையேல் அந்தக் கோடு டியூபில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். ஒழுங்காக ஓடுகிற செட்டில் மெல்லிசாக ஒரு விசில் கேட்கும். 625 கோடு, வினாடிக்கு 25 படம், ஆக வினாடிக்கு 15,625 தடவை கதிர் ஓடுகிற அதே வேகத்தில் ட்ரான்ஸ்ஃபார்மர் அதிர்கிற சத்தம் அது. எனக்கு இப்போது கேட்பதில்லை. அத்தனை மேலே உள்ள சுருதி வயதானால் காதுக்கு எட்டாது. உனக்குக் கேட்கும். காதைக் கொடுத்துப் பழகு, திரை வெளிச்சமாகும் முன்பே செட்டுக்கு உயிர் வந்துவிட்டதா என்று அது சொல்லும்.

இந்த மாதிரி செட்டுகளின் கதையையும் கேள். சென்னையில் 1975 ஆகஸ்ட் 15-இல் தூர்தர்ஷன் தொடங்கியபோது எங்களுக்கு அது எட்டவில்லை. 1982-இல் இலங்கை டிவியான ரூபவாஹினி வந்த பிறகுதான் இந்தக் கடலோரத்தில் ஆளுயரத்துக்கு மேல் ஆளுயரமாகப் பைப்பை நட்டு ஆண்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பினோம். அப்படிப் புள்ளி புள்ளியாக வந்த படத்துக்காக வாங்கின செட்டுகள், 2006-இல் அரசாங்கம் இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியதும் கடைக்கு வருவது நின்றது. சரிசெய்து வைத்ததையே சிலர் எடுத்துப்போக வரவில்லை. அதனால்தான் நீ ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்தாய் என்றதும் அம்மா திட்டத் திட்ட எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆண்டெனாவில் பிடிக்க இப்போது சிக்னல் கிடைக்கும் என்று நம்பாதே. செட்டாப் பாக்ஸின் ஏ.வி.யை ஒரு மாடுலேட்டரில் கொடுத்து, அங்கிருந்து ஆண்டெனா முனைக்கு எடு. செட்டில் இரண்டு ஸ்குரூ மட்டும் இருந்தால் நடுவில் ‘பலூன்’ என்கிற சின்ன மேட்சிங் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்று போடவேண்டும்.

என் சீரிஸ் போர்டையும், இரண்டு பி.எல். 504-ஐயும் துணி சுற்றிப் பார்சலில் போட்டிருக்கிறேன். அது வரும்வரை பின்மூடியை மட்டும் திறந்து, எதையும் தொடாமல் போட்டோ எடுத்து அனுப்பு. ஈ.எச்.டி. மேலே ஒட்டியிருக்கிற நம்பர் தெரிகிற மாதிரி எடு. நம்பர் கிடைத்தால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தப் பக்கம் விசாரிக்கலாம் என்று சொல்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
மாமா