திருச்சிராப்பள்ளியும் பலாலியும்: வான்வழித் தூரமும் காலமும்

இரண்டு ஊர்களுக்கு இடையேயுள்ள தூரம் யாது என வினவுவார்க்கு, 'எவ்வழியாக?' என்னும் எதிர்வினாவே முதல் விடையாகும். திருச்சிராப்பள்ளியினின்றும் யாழ்ப்பாணம் செல்வோர் நெடுங்காலம் கொழும்பு சென்றிறங்கி, அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 400 கிலோமீட்டர் இரயிலிலோ பேருந்திலோ செல்ல வேண்டியவராயிருந்தனர். நேர்வழித் தூரமோ அதிற் பாதியுமில்லை. அதனை ஈண்டுக் கணிப்போம்.

திருச்சி விமான நிலையம் வட அட்சம் 10 பாகை 46 கலையிலும், கீழ்த் தேசாந்தரம் 78 பாகை 42½ கலையிலும் உள்ளது. யாழ்ப்பாணத்து விமான நிலையமாகிய பலாலி முறையே 9 பாகை 47½ கலை, 80 பாகை 4 கலையில் உள்ளது. அட்ச வேறுபாடு 58½ கலை. தேசாந்தர வேறுபாடு 81½ கலை. அட்சத்தில் ஒரு கலை 1.85 கிலோமீட்டராதலின், தென்வடல் தூரம் 108. தேசாந்தரக் கலை துருவத்தை நோக்கிச் செல்லச் செல்லக் குறுகுவது. நமது அட்சத்தில் அது 1.83. எனவே கீழ்மேல் தூரம் 149. இவ்விரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலங் காணின் 184 கிலோமீட்டர் கிடைக்கும். இத்துணைச் சிறு தூரத்திற் பூமியின் வளைவைப் புறக்கணித்தலாற் பெரும்பிழை நேராது.

இவ்வழியிற் பறக்கும் ஏ.டி.ஆர். 72 விமானம் உயரத்திற் சமமாய்ச் செல்லுங்கால் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகமுடையது. அவ்வாறாயின் 22 நிமிஷத்திற் பலாலி சேரவேண்டுமன்றோ? கால அட்டவணையோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் காட்டுகின்றது. மாணவர் பலர் மயங்குமிடம் இதுவே. அட்டவணைக் காலமாவது, விமானம் நின்றவிடம் விட்டு நகர்ந்தது முதல் மீண்டும் ஓரிடத்தில் நிற்குமளவும் உள்ள காலம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லல், முறைக்குக் காத்திருத்தல், குறைந்த வேகத்தில் ஏறுதல், இறங்குமுன் வளைந்து ஓடுபாதைக்கு நேர்படுதல் யாவும் அதிலடங்கும். தூரம் குறுகக் குறுக இச்செலவின் பங்கு மிகும்.

காற்றின் செய்கை நாம் எண்ணுமளவு பெரிதன்று. ஆடிமாதத்து மேல்காற்று வழியின் திசையில் மணிக்கு 30 கிலோமீட்டர் உதவினால், போகும்போது 21 நிமிஷமும், எதிர்த்து மீளும்போது 23½ நிமிஷமும் ஆகும். வேறுபாடு மூன்று நிமிஷத்திற்குங் குறைவே.

போர்க்காலத்தில் இக்கணக்கெல்லாம் ஏட்டளவில் நின்றது. பலாலி 2019 அக்டோபர் 17-இல் சர்வதேச நிலையமாய்த் திறக்கப்பட்டது. திருச்சியிலிருந்து நேர் விமானம் 2025 மார்ச் 30-இல் தொடங்கிற்று. 1857-இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம் பிள்ளை, யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை மிஷன் செமினரியிற் பயின்று இக்கடலைக் கடந்து வந்தவர். இக்கரையிலிருந்து அக்கரையில் நோயுற்றிருக்கும் தாயைக் காண விரைவார்க்கு 22 நிமிஷமும் ஒரு மணியும் முக்கியமல்ல. வீட்டு வாயில் முதல் வீட்டு வாயில் வரை அரை நாளா, இரண்டு நாளா என்பதே அவர்க்குக் கணக்கு.

சென்னை நிலையம் 12 பாகை 59½ கலை, 80 பாகை 10 கலையில் உள்ளது. அங்கிருந்து பலாலிக்குள்ள தூரத்தை மாணவர் தாமே கணித்தறிக. தேசாந்தர வேறுபாடு மிகச் சிறிதாகலின் ஒற்றைப் பெருக்கலே போதும்.