மருந்துப் பிளாஸ்டரும் குழந்தைகளும்

பெற்றோர் கவனத்திற்கு: மருந்துப் பிளாஸ்டர் வெறும் ஒட்டுத்துணி அன்று. அதிலுள்ள மருந்து தோல் வழியே உடலுக்குள் செல்கிறது. ஆகவே வைத்தியர் சொல்லாமல் பிள்ளைக்கு ஒட்டலாகாது.

கழன்று விழுகிறதா? எல்ல மழையில் நனைந்த உடம்பை நன்கு துடைத்து, உலர்ந்தபின் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்துங்கள். எண்ணெய் பூசிய இடத்திலும் புண்ணிலும் ஒட்டாதீர்கள்.

தோல் கொப்புளிக்கிறதா? கழற்றிவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

குளிருக்காகப் பிள்ளையை அடுப்பருகே இருத்துகிறீர்களா? பிளாஸ்டர் சூடேறினால் மருந்து அளவுக்கு மேல் உடலில் சேரும்.

பாட்டியின் பிளாஸ்டரை வெட்டிப் பேரனுக்கு ஒட்டவேண்டாம். கழற்றிய பிளாஸ்டரிலும் மருந்து மீந்திருக்கும். கடும்வலிக்குரிய ஃபென்டனில் பிளாஸ்டரால் குழந்தைகள் இறந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத்துறை 2012இல் எச்சரித்தது. ஒட்டும் பக்கம் உள்ளே இருக்க மடித்து, பிள்ளைக்கு எட்டாதபடி அகற்றுங்கள். பிளாஸ்டர் பட்ட பிள்ளை தூங்கி வழிந்தால், அதைக் கழற்றிவிட்டு உடனே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.