உயில் எழுதி வைப்போம்

மயிலை, தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் தம் பெயரில் வீடு வாங்கிய நம்மவர் பலர், தமக்குப்பின் அது மனைவிக்கே சேரும் என்று எண்ணுகின்றனர். சமணராகிய நமக்கும் பொருந்தும் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அவ்வாறு கூறவில்லை. உயிலின்றி ஆடவர் மறைந்தால் தாய், மனைவி, மகன், மகள் யாவர்க்கும் சமபங்கு உண்டு. தாயும் இரு மக்களும் இருப்பின், மனைவிக்குக் கிடைப்பது கால் பங்கே. மற்ற மூவரும் கையொப்பமிடாமல் முழு வீட்டையும் அவர் விற்க இயலாது.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டா, வெள்ளைத்தாளே போதும். எழுதுபவர் கையொப்பமும் இரு சாட்சிகளின் கையொப்பமும் இன்றியமையாதவை. சாட்சிகள் சொத்தில் பங்கு பெறாதவராகவும், வயதில் இளையவராகவும் இருத்தல் நன்று. பதிவு கட்டாயமன்று, எனினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் பின்னர் எழும் ஐயம் குறையும்.

சென்னைச் சொத்துகளுக்கான உயிலுக்கு நீதிமன்றத்தில் புரோபேட் பெறவேண்டும் என்றிருந்த 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு, 2025இல் நீக்கப்பட்டது. ஆயினும் வழக்கு எழுந்தால் சாட்சியின் சொல்லே உயிலை மெய்ப்பிக்கும்.

பொருள் வரைதல் இல்லறத்தார்க்குரிய விரதம். ஈட்டிய பொருள் உடன்பிறந்தாரிடையே பகையை வளர்க்காதவாறு, அறிவு தெளிவாய் இருக்கும்போதே எழுதி வைப்பதும் அவ்விரதத்தின்பாற்பட்டதே என்று கருதுகிறோம்.