மனக்கணக்கின் எல்லை

பண்ருட்டியை அடுத்த காடாம்புலியூர்ப் பகுதி பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர்பெற்றது. அங்கு விளையும் பலாப்பழத்தை அறுக்காமலேயே அதன் சுளைகளைக் கணக்கிட முடியுமா? முடியும் என்கிறது காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம். காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தல் வேண்டும். முட்கள் 100 எனில் சுளைகள் 120.

பலாவின் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனியாகும். கருவுற்ற பூ சுளையாகிறது. கருவுறாதது சடையாக நின்றுவிடுகிறது. ஆதலின் இவ்விடை ஒரு மதிப்பீடேயன்றித் துல்லியமான எண்ணிக்கை அன்று. பழம் விற்போருக்கு அது போதும். நான்கு சுளை குறைந்தால் யாருக்கும் பெரிய இழப்பில்லை.

எல்லா மனக்கணக்கும் இத்தகைய மதிப்பீடுதானா எனில், அன்று. வட்டத்தின் சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் பரப்பு கிடைக்கும் என்பது நம் முன்னோர் கையாண்ட வழி. 14 அடி விட்டமுள்ள கிணற்றின் சுற்றளவு ஏறத்தாழ 44 அடி. 22ஐ 7ஆல் பெருக்க 154 சதுர அடி. சுற்றளவைச் சரியாக அளந்தால் இவ்வழியில் பிழையே இல்லை.

செங்கோண முக்கோணத்தின் கர்ணம் காணச் செவிவழியாக வழங்கும் வாய்பாடோ வேறு வகையினது. நீண்ட பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, குறுகிய பக்கத்தில் பாதியைக் கூட்ட வேண்டும், வர்க்கமூலம் தேவையில்லை. கூரைக்குக் கைமரம் அறுக்கும் தச்சரை எண்ணிப் பார்க்கலாம். தரையளவு 12 அடி, முகட்டின் உயரம் 5 அடி எனில், 12இல் ஒன்றரையைக் கழித்து இரண்டரையைக் கூட்ட 13 அடி வருகிறது. பிதாகரசு தேற்றமும் அதையே தரும். பக்கங்கள் 4, 3 ஆயினும் விடை பிழையின்றி 5 ஆகும். இவ்விரு விகிதங்களுக்கும் இடைப்பட்ட சரிவுகளில் விடை சற்றே மிகும். அம்மிகை நூற்றில் ஒரு பங்கைத் தாண்டாது. மிகுந்த மரத்தைச் சீவிக் கொள்ளலாம் அல்லவா?

அவ்வெல்லைக்கு வெளியே விடை குறையத் தொடங்குகிறது. தாழ்ந்த சரிவுடைய தகரக் கொட்டகை ஒன்றின் தரையளவு 16 அடி, உயரம் 2 அடி எனக் கொள்வோம். வாய்பாடு 15 அடி என்கிறது. சாய்ந்த மரம் தரையளவினும் குறுகியதாக எங்ஙனம் இருக்க இயலும்? உண்மை நீளம் 16 அடிக்குச் சற்று மேல். உயரம் தரையளவில் கால் பங்குக்குக் குறையும்போதெல்லாம் இப்பிழை நேரும். நம்பி அறுத்த மரம் சுவரை எட்டாது.

இன்றைய கட்டடப் பணியிலும் இத்தகைய வழிகள் உண்டு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் வர்க்கித்து 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோகிராமில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 144ஐ 162ஆல் வகுக்க, ஏறத்தாழ 0.89. ஒரு கன மீட்டர் எஃகின் எடை 7850 கிலோகிராம் என்பது அந்த 162க்குள் அடங்கியிருக்கிறது. அலுமினியக் கம்பிக்கு இதே எண்ணைப் பயன்படுத்தினால் எடை ஏறத்தாழ மூன்று மடங்காகத் தோன்றும்.