பெருநூதனசாலையைக் காணும் முறை

முன்னோர் ஆக்கிய அரும்பொருள்களைப் பேணிவைத்துப் பின்வந்தோர் கண்டறியுமாறு காட்டும் இடம் நூதனசாலை எனப்படும். நூலைக் கற்பதற்கு முறை உண்டு என்பதை யாவரும் ஒப்புவர். எழுத்தறியாதான் ஏட்டைப் புரட்டுவதனாற் பயனில்லை. நூதனசாலையும் கல்லாலும் செம்பாலும் மரத்தாலும் ஆகியதொரு நூலேயாகலின், அதனைக் கற்பதற்கும் ஒரு முறை வேண்டும். அம்முறையை மாணவர்க்கும், அவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கும், அப்பயணத்துக்குத் துணைநிற்கத்தக்க பழைய மாணவர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெருநூதனசாலை என்றவுடன் இலண்டனும் பாரிசும் சிலர்க்கு நினைவில் வரலாம். நமக்கு அணித்தாக உள்ளது கொழும்பிலுள்ள தேசிய நூதனசாலை. அணித்து என்றோமாயினும், கல்முனைக் கரையிலிருந்து அங்குச் செல்வது ஓரிரவுப் பயணம். நம் பிள்ளைகளுட் பலர் பாடசாலைக் காலத்தில் ஒரு முறையே அதனைக் காண்கின்றனர். அந்த ஒரு நாள் வீணாயின் மறுநாள் வாய்ப்பது அரிது.

முன்னொருகால் ஒரு பாடசாலையின் கல்விச் சுற்றுலாவுக்கு நாமும் துணையாகச் சென்றிருந்தோம். இரவு முழுவதும் பஸ் வண்டியிலே துயிலிழந்த பிள்ளைகள், காலையில் மிருகக்காட்சிச்சாலையையும், நண்பகலின் பின் நூதனசாலையையும், மாலையில் காலிமுகத் திடலையும் கண்டனர். நூதனசாலைக்கு ஒதுக்கப்பட்டது முக்கால் மணி நேரம். ஒரு பொருளின் முன் நின்ற பிள்ளையைக் கைதட்டி விரைவுபடுத்தினர். ஊர் திரும்பியபின், “என்ன கண்டீர்கள்?” என்று வினவினோம். அரசனுடைய கதிரை என்றனர் சிலர். வாள் என்றனர் சிலர். தமிழெழுத்துப் பொறித்த கல்லொன்று அங்கு உண்டு என்பதை ஒருவரேனும் சொல்லவில்லை. பிள்ளைகள்மேற் குற்றமில்லை. பயணத்தை வகுத்த முறை அத்தகையது.

ஆகவே நாம் வற்புறுத்துவது ஒன்றே: சிலவற்றைத் தெரிந்துகொண்டு, அவற்றை முற்றக் காண்க. ஆயிரம் பொருள்களின் முன்னே நடப்பதினும் மூன்று பொருள்களின் முன்னே நிற்பது நன்று.

நாளும் பயணமும்

முதற்கண் நாளைத் தெரிதல் வேண்டும். பொது விடுமுறை நாள்களில் நூதனசாலை மூடப்படும்; பூரணை நாளும் அவற்றுள் அடங்கும். வெள்ளிக்கிழமை முசுலிம் மாணவர்க்கு ஜும்ஆத் தொழுகை உண்டாதலால் அந்நாளையும் தவிர்ப்பது நலம். இத்தனை பேர், இந்நாளில், இவ்வேளையில் வருகிறோம் என்று நூதனசாலையார்க்கு முன்னரே கடிதம் எழுதுக. திறந்திருக்கும் நேரத்தையும் மாணவர்க்குரிய கட்டணத்தையும் அப்பொழுதே கேட்டறிந்துகொள்க.

இரவுப் பயணம் செய்த பிள்ளைகளை வண்டியிலிருந்து இறக்கி நேரே உள்ளே கொண்டு செல்லலாகாது. முகங்கழுவி உணவருந்தி ஒரு மணி நேரமேனும் இளைப்பாறுதல் வேண்டும். காலை வேளையில் மூன்று மணி நேரத்தை நூதனசாலைக்கே ஒதுக்குக. மற்றைய காட்சிகளைப் பிற்பகலுக்கு வைக்கலாம். நேரம் போதாதாயின் அவற்றை விடலாம்.

வகுப்பறையிலே தொடங்குக

பயணத்துக்கு மூன்று கிழமைகளின் முன்பே வகுப்பிலே பாடம் தொடங்குதல் வேண்டும். காணப்போகும் பொருள்களின் படங்களைக் காட்டி, ஒவ்வொரு மாணவனும் ஒரு பொருளைப்பற்றி வினா ஒன்றை எழுதிவரச் செய்க. வினாவோடு செல்பவன் விடையைத் தேடிக் காண்பான். வினாவின்றிச் செல்பவன் வேடிக்கை பார்த்து மீள்வான். இயலுமாயின், காத்தான்குடியிலுள்ள பூர்வீக நூதனசாலையை ஒரு முற்பகலில் கண்டு வருவது நல்ல பயிற்சியாகும். கிழக்கிலங்கை முசுலிம்களின் வாழ்வை விளக்கும் அவ்விடம் நமக்கு அயலிலுள்ளது. சிறியதிலே நின்று பார்க்கப் பழகிய கண் பெரியதிலே மருளாது.

கட்டடமே முதற் காட்சி

கறுவாத் தோட்டத்திலே வெண்ணிறமாய் நிமிர்ந்து நிற்கும் அக்கட்டடத்தை வெளியிலே நின்று காண்க. தேசாதிபதி சேர் வில்லியம் கிரகெரியின் முயற்சியால் எழுந்து, 1877 ஆம் ஆண்டு சனவரி 1 ஆந் திகதி அது திறக்கப்பட்டது. வரைந்தவர் யேம்சு சிமிதர் என்னும் கட்டடக் கலைஞர். கட்டி முடித்தவர் அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார் என்னும் முசுலிம் பெரியார். திறப்பு விழாவிலே, உமக்கு யாது வேண்டும் என்று தேசாதிபதி வினவ, வெள்ளிக்கிழமைதோறும் இச்சாலை மூடப்படல் வேண்டும் என்று மாத்திரம் அவர் கேட்டார் என்பது வழிவழி வந்த செய்தி. அவ்வழக்கம் இன்று இல்லை. ஆயினும் தமக்கெனப் பொருளோ பட்டமோ வேண்டாது தம் சமூகத்தின் தொழுகை நாளை நினைந்த அச்செய்தி நம் பிள்ளைகள் அறியத்தக்கது.

நூதனசாலை திறந்த அதே 1877 ஆம் ஆண்டிலேதான் கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி கொழும்பிலே பிறந்தார். அச்சாலையிலுள்ள செப்புப் படிமங்களை ஆராய்ந்து 1914 இல் அவர் வெளியிட்ட நூல், நம் நாட்டுப் படிமக் கலையை மேனாட்டார் மதிப்பதற்குத் துணைசெய்தது. பிற்காலத்தில் அமெரிக்காவிலுள்ள பொசுத்தன் நகர நூதனசாலையிலே இந்தியக் கலைப் பகுதியைப் பேணியவரும் அவரே.

முதலாவது பொருள்: மும்மொழிக் கல்

உள்ளே சென்றபின் முதலிலே தேடிக் காணவேண்டியது காலியிலே கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. ஏறக்குறைய நாலேமுக்கால் அடி உயரமும், இரண்டரை அடி அகலமும், ஐந்து அங்குலத் தடிப்பும் உடைய பலகைக்கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் ஒரே முகத்திலே பொறிக்கப்பட்டுள்ளன. சீன அரசனின் ஆணையால் சீன நாட்டிலேயே வெட்டப்பட்ட இக்கல் 1409 ஆம் ஆண்டுத் திகதியுடையது. பெருங் கப்பற்படையுடன் இந்து சமுத்திரத்தில் உலாவிய செங் கோ என்னும் தளபதி இதனை இலங்கைக்குக் கொணர்ந்தார். அவர் முசுலிம் குடும்பத்திலே பிறந்தவர்.

மூன்று மொழியும் ஒரே செய்தியைக் கூறவில்லை என்பதே இக்கல்லின் வியப்பு. சீனப் பகுதி புத்தபெருமானுக்குக் காணிக்கை கூறுகிறது. தமிழ்ப் பகுதி, தென்கோடியிலுள்ள தேவேந்திரமுனையிற் கோயில் கொண்டிருந்த தென்னாவரை நாயனார்க்குக் காணிக்கை கூறுகிறது. பாரசீகப் பகுதி இசுலாத்தின் வழியிற் காணிக்கை கூறுகிறது. பொன்னும் வெள்ளியும் பட்டும் நறுநெய்யும் என வரும் காணிக்கைகள் மூன்றிடத்தும் பெரும்பாலும் ஒத்துள்ளன. ஒரு சமயத்தார்க்கு மிகையாகவும் மற்றொரு சமயத்தார்க்குக் குறைவாகவும் கொடுக்க அவ்வரசன் எண்ணவில்லை போலும்.

தமிழ் பேசும் இந்துக்களும் முசுலிம்களும் வேலிக்கு வேலி வாழும் நம் கரையிலே, இக்கல்லை அறியாத மாணவன் ஒருவனும் இருத்தலாகாது. தமிழ் அக்காலத்தில் இந்நாட்டுத் துறைமுகங்களிலே பிறநாட்டாரும் மதித்த மொழியாய் இருந்தது என்பதற்கு அது கண்கூடான சான்று.

ஆயினும் கல் சொல்வதை மாத்திரம் கேட்டு அமைதல் கல்வியன்று. காணிக்கைக் கல்லைக் கொணர்ந்த அதே படையே போர் செய்து, அழகக்கோனார் குலத்துத் தலைவனைச் சிறைபிடித்து 1411 இற் சீனாவுக்குக் கொண்டு சென்றது. பணிவைக் கூறும் கல்லும் வலிமையைக் காட்டிய படையும் ஒரே கப்பல்களில் வந்தன. ஏன் என்ற வினாவை மாணவர் எழுப்புக. கல்லின் பிற்கால வாழ்வும் பாடமாகும். 1911 ஆம் ஆண்டு காலியிலே ஒரு மதகின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தபோதே அது கண்டெடுக்கப்பட்டது. அதன் மேல் எத்தனை வண்டிகள் சென்றனவோ! எழுத்தை அறிந்த ஒருவர் கண்ணிற் பட்டிராவிடின் இன்றும் அது மதகாகவே கிடந்திருக்கும்.

இரண்டாவது பொருள்: பொலனறுவைப் படிமங்கள்

பொலனறுவைச் சிவாலயங்களின் அழிபாடுகளிலிருந்து, தொல்பொருள் ஆணையாளராயிருந்த எச். சி. பி. பெல் 1907, 1908 ஆம் ஆண்டுகளில் செப்புப் படிமங்கள் பலவற்றை மீட்டார். பின்னர் 1960 இலும் சில கிடைத்தன. அவற்றுட் சில பொலனறுவையிலும், வேறு பல கொழும்பிலும் உள்ளன. நடராசரும் சிவகாமியும் நாயன்மாரும் நால்வரும் என வரும் இவற்றைக் காணும்போது விரைதல் கூடாது.

ஒரு படிமத்தின் முன்னே பத்து நிமிடம் நிற்க. முதலில் முழுமையைக் காண்க. பின் பாதத்திலிருந்து மேல்நோக்கிக் காண்க. பின் பக்கத்தே சென்று காண்க. நடராசரின் ஒரு கையிலே துடி, ஒரு கையிலே தீ; ஊன்றிய கால் ஒன்று, எடுத்த கால் ஒன்று. அத்தனை அசைவுக்கும் நடுவே முகம் மட்டும் அமைதியாய் இருப்பதை மாணவர் தாமே கண்டுபிடிக்க விடுக. சுந்தரமூர்த்தி நாயனாரின் படிமத்திலே மணக்கோலத்து இளைஞன் ஒருவனுடைய வியப்பைக் கைகளிலும் முகத்திலும் காணலாம்.

இவை வார்க்கப்பட்ட முறையையும் முன்னரே கூறிவைக்க வேண்டும். தேன்மெழுகிலே உருவத்தை ஆக்கி, அதன்மேல் மென்மண்ணைப் பூசி உலர்த்தி, அதனைச் சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்திலே உருகிய உலோகத்தை வார்ப்பர். மண்ணை உடைத்த பின்னரே உரு வெளிப்படும். ஒரு மெழுகுருவால் ஒரு படிமமே ஆகும்; அச்சுப்போல மீண்டும் வார்த்தல் இயலாது. இதனை அறிந்த மாணவன், எச்சமயத்தவனாயினும், அக்கைவினைஞன் முன்னே தலைவணங்காதிருக்க மாட்டான்.

மூன்றாவது பொருள்: கண்டிச் சிங்காசனம்

யாவரும் கூடி நிற்கும் இடம் இது. கூட்டத்தைக் கண்டு மகிழ்ந்து செல்லாது, அப்பொருள் நடந்த வழியைக் கேட்க. இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு ஒல்லாந்தத் தேசாதிபதி 1693 இல் அளித்த கொடை அது. 1815 இற் கண்டி வீழ்ந்தபின் இங்கிலாந்து சென்று, 1934 இல் மீண்டது. 1765 இற் கண்டியிலிருந்து ஒல்லாந்தர் கவர்ந்த லெவுகே திசாவையின் பீரங்கி முதலிய ஆறு பொருள்களும் 2023 ஆம் ஆண்டிலே கொழும்புக்கு மீண்டன.

மீளாத பொருள் ஒன்றும் உண்டு. அது நமக்கு மிக அணித்தான இடத்தது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையிலே கிடைத்த, பொன்முலாம் பூசிய தாராதேவி படிமத்தைச் சேர் றொபேட் பிறவுன்றிக் 1830 இற் பிரித்தானிய நூதனசாலைக்கு வழங்கினார். இலண்டனிலே அது இன்றும் உள்ளது. ஒன்று மீண்டது ஏன், ஒன்று மீளாதது ஏன் என்பது மேல்வகுப்பு மாணவர் வாதிடத்தக்க பொருளாகும்.

உள்ளே ஒழுகும் முறை

மாணவரைப் பத்துப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஓர் ஆசிரியரோ மூத்த மாணவரோ துணை செல்க. கையிலே சிறு குறிப்பேடும் பென்சிலும் இருப்பின் போதும். கண்ட பொருளை வரைதல் நன்று. படம் அழகாக அமையாவிடினும் கேடில்லை, வரையும் கை கண்ணை நிறுத்தி வைக்கும். கைத்தொலைபேசியிலே படமெடுப்போர் பலர் பொருளைக் காணாமலே செல்கின்றனர். படமெடுக்க அனுமதி உளதாயின், பார்த்து முடிந்தபின் எடுக்க. கால் தளர்ந்தவுடன் வெளியே புற்றரையிலே அமர்ந்து இளைப்பாறுக. கடைசி அரைமணி நேரத்தை மாணவர் தம் விருப்பப்படி உலாவ விடுக.

மீண்டபின் செய்யத்தக்கது

ஊர் திரும்பியதோடு பாடம் முடிந்துவிடாது. ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றை வகுப்புக்குக் கொணர்க. வட்டாவோ, படிக்கமோ, நெல்லளந்த மரைக்காலோ, பன்பாயோ, மருதமுனைத் தறியிலே நெய்த பழஞ் சேலையோ எதுவாயினும் ஆகுக. அதன் பெயர், அது ஆன பொருள், அதனை ஆண்டவர், அது தன் வீட்டுக்கு வந்த வழி ஆகிய நான்கையும் ஓர் அட்டையிலே எழுதுக. மூத்தோரிடம் கேளாமல் இவ்வட்டையை நிரப்புதல் இயலாது. அக்கேள்வியே இப்பயிற்சியின் பயன்.

இதனை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி கடல் பொங்கியபோது, இலங்கையில் மிகுந்த உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். போன உயிர்களுக்கு ஈடில்லை. அவற்றோடு வீட்டு உறுதிகளும், மணநாட் படங்களும், ஏடுகளும், பாட்டிமார் பேணிய பாத்திரங்களும் போயின. இன்று நம் வகுப்புகளிலுள்ள பிள்ளைகள் யாவரும் அந்நாளுக்குப் பின் பிறந்தவர்கள். அவர்களுட் பலர் தம் பூட்டனாரின் முகத்தைப் படத்திலும் கண்டதில்லை. எஞ்சியிருப்பதையேனும் பெயரெழுதிப் பேணுதல் நம் கடன்.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். கொழும்பிலே உத்தியோகம் பார்ப்போரும் வணிகம் செய்வோரும் உங்களுட் பலர். ஆண்டுக்கு ஒரு வகுப்பினர் வந்திறங்கும் காலையிலே, இளைப்பாற ஓர் இடமும் காலையுணவும் அளிப்பீர்களாயின், வண்டிச் செலவு தவிரப் பிறிதொரு குறையும் இராது. வண்டிச் செலவையும் சங்கம் ஏற்குமாயின், வறிய பிள்ளை ஒன்றும் பின்னிற்க வேண்டியதில்லை. மும்மொழிக் கல்லின் முன்னே நின்று தன் தாய்மொழியைத் தானே எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை, அதனை ஒருநாளும் மறவாது. இவ்விழா ஆண்டிலேயே முதல் வகுப்பு புறப்படுக.